கேமரா அளக்கும், கண் பார்க்கும்

நம் கைப்பேசிகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை. காலை வணக்கக் கூட்டம், காலை உணவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், மரக்கன்று நடும் விழா, கற்றல் கற்பித்தல் துணைக்கருவியை உயர்த்திப் பிடித்தபடி வரிசையில் நிற்கும் மாணவர்கள் என்று அன்றாடம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். குழுவில் அனுப்புகிறோம், பதிவேற்றுகிறோம், இடம் போதவில்லை என்றதும் அழிக்கிறோம். இவை எல்லாம் நிகழ்ச்சி நடந்ததற்கான சான்றுகள். சான்றும் தேவைதான். ஆனால் ஓராண்டு கழித்து ஆசையோடு எடுத்துப் பார்க்கும் படம் அவற்றுள் எத்தனை?

அதே கைப்பேசியைக் கொண்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் நமக்காகப் படம் எடுக்கத் தொடங்கினால் நல்லதொரு பொழுதுபோக்கு கிடைக்கும். செலவு இல்லை, வகுப்புக்குப் போவதற்கும் தேர்வு வேலைக்கும் இடையூறு இல்லை. இந்தப் பழக்கம் கண்ணைப் பழக்குகிறது. பழகிய கண் வகுப்பறையிலும் நம்மோடு வரும். எப்படித் தொடங்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

புதுக் கேமரா இப்போது வேண்டாம்

தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கேமரா வாங்கலாம் என்பது. முதல் ஆறு மாதத்திற்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, கருப்பு வெள்ளையில் சுமார் 10,000 படப்புள்ளிகள் கொண்ட படத்தைப் பதிவு செய்தது. ஒரு படம் கேசட் நாடாவில் பதிவாக 23 விநாடிகள் ஆயின. இன்று 12 மெகாபிக்சல் கைப்பேசி ஒன்று ஒரு கோடியே இருபது லட்சம் படப்புள்ளிகளை ஒரு நொடிக்குள் பதிவு செய்கிறது. அதாவது 1,200 மடங்கு. அந்தப் படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில் அச்சிட்டால் 13 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் வரும். வீட்டுச் சுவரில் மாட்ட இது போதாதா?

தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் நாடறிந்த இயற்கையியலாளர், காட்டுயிர்ப் படக்கலைஞர். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை குறித்துத் தொடர்ந்து எழுதியவர். அவர் படங்கள் கருப்பு வெள்ளை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டு அதற்குச் 'சூப்பர் பான்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். யானை எங்கே நீர் அருந்த வரும், எந்த ஒளியில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் படங்களின் பலம் அங்கேதான் இருந்தது.

எனவே இன்றே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மெல்லிய பருத்தித் துணியால் கைப்பேசியின் லென்சைத் துடையுங்கள். விரல் பட்டு எண்ணெய் படிந்த லென்சுதான் பல படங்கள் மங்கலாக வரக் காரணம். இரண்டாவது, கேமரா அமைப்புகளுக்குச் சென்று கட்டக் கோடுகளைத் திரையில் வரவழையுங்கள். மூன்றாவது, இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவதை நிறுத்துங்கள். தனி டெலிஃபோட்டோ லென்சு இல்லாத கைப்பேசிகளில் அது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டும் வேலை மட்டுமே. அருகில் வேண்டுமென்றால் நான்கு அடி நடந்து போங்கள்.

ஒளியை அளக்கும் மூன்று வழிகள்

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று மூன்று சொற்களை நாம் புழங்குகிறோம். மூன்றாவது சொல் தொழிலின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறது. நம் வகுப்பில் நடத்தும் குவிலென்சு மெய்பிம்பத்தைத் திரையில் விழச் செய்வதுபோல, கேமரா லென்சு பிம்பத்தைச் சென்சார் மீது விழச் செய்கிறது. எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்பதுதான் கணக்கு.

தெருக்குழாயில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது ஒன்று. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது இன்னொன்று. லென்சின் துளையை அப்பெர்ச்சர் என்கிறோம், திறந்திருக்கும் நேரத்தை ஷட்டர் வேகம் என்கிறோம். மூன்றாவதான ஐஎஸ்ஓ வேறு வகை. காலை வணக்கக் கூட்டத்தில் மெல்லிய குரலில் பேசும் மாணவிக்காக மைக்கின் ஒலியைக் கூட்டுகிறோம் அல்லவா? குரல் உயரும், கூடவே இரைச்சலும் உயரும். ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும், மணல் தூவியதுபோல் புள்ளிகளும் தெரியும். இருட்டில் எடுத்த படங்கள் சொரசொரப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அப்பெர்ச்சர் எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் இது ஒரு பெருக்குத்தொடர்தான். பொது விகிதம் √2. லென்சின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது இந்த எண். விட்டம் √2 மடங்கு குறைந்தால் பரப்பு பாதியாகும், நுழையும் ஒளியும் பாதியாகும். எண் கூடக் கூடத் துளை சிறிதாவதன் விளக்கமும் இதுவே. கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒரு கணக்காகவே தரலாம்.

பெரும்பாலான கைப்பேசிகளில் துளையின் அளவு மாறாது. ஆனால் 'ப்ரோ' என்ற பிரிவு இருந்தால் ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் நாமே மாற்றலாம். கபடி ஆடும் மாணவர்களை அசைவு தெரியாமல் உறையவைக்க 1/500 விநாடி வையுங்கள். வாய்க்கால் நீரைப் பட்டு இழைபோலக் காட்ட வேண்டுமானால் கைப்பேசியைச் செங்கல் மீது அசையாமல் சாய்த்து 1/4 விநாடி வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழுகின்றனவா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் கோடுகள் மறையும்.

அளவி எங்கே தடுமாறுகிறது

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

என் வகுப்பில் ஒரு சோதனையைச் செய்து காட்டுவதுண்டு. ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளைத் திரை நிறையும்படி படம் எடுப்போம். அதே இடத்தில் ஒரு கருப்புத் துணியைத் திரை நிறையும்படி எடுப்போம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். தாள் அழுக்கேறியதுபோல் சாம்பலாகவும், துணி வெளுத்துப்போய்ச் சாம்பலாகவும் வந்திருக்கும். காரணம் எளிது. தன் முன்னே இருப்பது தாளா துணியா என்று ஒளியளவிக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்ற அனுமானத்தில் ஒளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். புதிய கைப்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் அடிப்படை இதுதான்.

இப்போது பள்ளிச் சூழலுக்கு வருவோம். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் ஒரு மாணவனை நிறுத்திப் படம் எடுக்கிறோம். திரையில் பெரும்பகுதி வெள்ளைச் சுவர். வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து கேமரா ஒளியைக் குறைக்கிறது. சுவர் சாம்பலாகிறது, மாணவனின் முகம் கருத்துப்போகிறது. படத்தைப் பார்த்த பையன், 'நான் நல்லாவே இல்ல சார்' என்கிறான். உடனே நாம் அழகுபடுத்தும் செயலியைத் திறந்து முகத்தை வெளுப்பாக்குகிறோம். அந்த நொடியில் அவன் என்ன கற்றுக்கொள்கிறான்? தன் நிறம் திருத்தப்பட வேண்டிய ஒன்று என்பதைத்தானே? கேமராவின் தவறான அனுமானத்திற்கு அவன் தோல் பழி சுமக்கிறது.

இது கைப்பேசியோடு பிறந்த சிக்கலும் இல்லை. வண்ணப் படச்சுருள் காலத்தில் அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் மாதிரி அட்டைகளை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று அவற்றை அழைத்தார்கள். அவற்றில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். கருந்தோல் கொண்டவர்களின் முகங்கள் விவரமின்றி இருண்டு அச்சாயின. பல நிறத்தவரும் இடம்பெற்ற மாதிரி அட்டையைக் கோடாக் 1990களில்தான் கொண்டுவந்தது. அளவுகோலை யார் முகத்தை வைத்துச் செய்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமானது.

தீர்வு மிக எளிது, ஐந்து விநாடி வேலை. திரையில் மாணவனின் முகத்தைத் தொடுங்கள். அளவி முகத்தின் ஒளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். தொட்ட இடத்தருகே தோன்றும் சிறு சூரியக் குறியை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும், கீழே நகர்த்தினால் குறையும். முகம் நாம் நேரில் பார்க்கும் நிறத்தில் வந்ததும் படத்தை எடுங்கள். கூடவே வெள்ளைச் சுவரைத் தவிர்த்து மரம், பச்சை வேலி, மங்கிய செங்கல் சுவர் போன்ற நடுத்தரப் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள். கருமை அதன் மினுமினுப்போடும் நுணுக்கத்தோடும் படத்தில் வரும். நிறத்தை மாற்ற வேண்டியதில்லை, ஒளியளவை மாற்றினால் போதும்.

பள்ளி நாளின் ஒளி

காலை ஏழு மணியின் ஒளியும் நண்பகல் ஒளியும் ஒன்றில்லை. சூரியன் அடிவானத்தருகே இருக்கும்போது கதிர்கள் வளிமண்டலத்தில் நெடுந்தூரம் பயணிக்கின்றன. நீல ஒளி வழியிலேயே சிதறிவிட, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சி நம்மை அடைகின்றன. பத்தாம் வகுப்பு ஒளியியலில் நடத்தும் ராலே சிதறல்தான் இது. அப்போது ஒளி பக்கவாட்டில் விழுவதால் மரப்பட்டையின் வரிகளும் வரப்பின் மேடுபள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். காட்சிகளுக்கு ஏற்ற நேரம் இதுவே.

நண்பகலில் சூரியன் தலைக்கு மேல். நெற்றியும் மூக்கும் வெளுக்கும், கண்கள் குழிக்குள் இருண்டுபோகும். அந்த நேரத்தில் முகங்களை எடுக்க வேண்டுமானால் வேப்பமர நிழலுக்குப் போங்கள். நிழலின் நடுவே வேண்டாம், வெயில் தொடங்கும் விளிம்புக்கு ஓரடி உள்ளே, முகம் வெளிச்சத்தைப் பார்த்திருக்கட்டும். தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளி கண்களை நிரப்பும். பள்ளி வராந்தாவும் இதற்கு ஏற்றது.

வகுப்பறைக்குள் ஜன்னல்தான் நம் விளக்கு. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரை எடுத்தால் நிழலுருவம்தான் கிடைக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்கார வைத்தால் முகத்தில் ஒளியும் நிழலும் கலந்து உருவம் திரண்டு தெரியும். ஃபிளாஷைக் கூடியவரை அணைத்து வையுங்கள். தொலைவு இரண்டு மடங்கானால் அதன் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் ஆண்டு விழாவில் பின்வரிசையிலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தால் முன்னால் இருப்பவரின் தலை மட்டும் பளிச்சென்று வந்து, மேடை இருட்டாகவே இருக்கிறது.

சட்டத்திற்குள் எது, வெளியே எது

படம் என்பது ஒரு சட்டம். உள்ளே எதை வைப்பது என்பதைவிட எதை வெளியே விடுவது என்பதே கடினம். எடுப்பதற்கு முன் திரையின் நான்கு மூலைகளையும் ஒருமுறை பாருங்கள். தலைக்குப் பின்னால் கொடிக்கம்பம் முளைத்திருக்கிறதா, ஓரத்தில் பாதிக் கை தெரிகிறதா, குப்பைத்தொட்டி எட்டிப் பார்க்கிறதா? ஓரடி நகர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கட்டக் கோடுகள் திரையை ஒன்பதாகப் பிரிக்கும். முக்கியமானதை நட்டநடுவில் வைக்காமல் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் ஒன்றில் வைத்துப் பாருங்கள். பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். இது சட்டதிட்டம் இல்லை, தொடக்கப் பயிற்சி மட்டுமே.

குழந்தைகளைப் படமெடுக்கும்போது உட்காருங்கள், மண்டியிடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் குழந்தை சிறிதாக, அண்ணாந்து பார்ப்பதாக இருக்கும். கண் மட்டத்திற்கு இறங்கினால் அவளுடைய உலகம் அவள் உயரத்தில் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்திலிருந்து கரும்பலகையைப் பார்த்தபோதுதான், முன்வரிசையில் உயரமான மாணவன் உட்கார்ந்தால் கீழ்ப்பாதி எழுத்து மறைகிறது என்பது எனக்குத் தெரிந்தது. படமெடுக்க இறங்கியதால் கிடைத்த பாடம் அது.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: ஒரே மரம் அல்லது ஒரே சுவர். காலை, நண்பகல், மாலை என்று ஒரே இடத்தில் நின்று மூன்று படங்கள். ஏழு நாள்களில் 21 படங்கள் சேரும். வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒளியின் குணம் புரியும்.

இரண்டாம் வாரம்: ஜன்னலோரத்தில் ஒரே பொருள். ஒரு சொம்பு, ஒரு வாழைப்பழம், ஒரு பழைய பூட்டு, எதுவானாலும் சரி. பொருளை நகர்த்தாமல் நீங்கள் சுற்றி வந்து எடுங்கள்.

மூன்றாம் வாரம்: கைகள். பூக் கட்டும் கை, தேநீர் ஆற்றும் கை, மிதிவண்டி பழுது பார்க்கும் கை. முகம் இல்லாமலே மனிதர்களைக் காட்டப் பழகுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள்.

நான்காம் வாரம்: அனுமதியோடு வீட்டிலுள்ள ஒருவரின் முகம். வெள்ளைப் பின்னணியில் ஒன்று, மர நிழலில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று. மூன்றிலும் நேரில் பார்க்கும் நிறம் வரும்வரை சூரியக் குறியை நகர்த்திப் பாருங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரப் படங்களிலிருந்து மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஏன் இந்த மூன்று என்று ஒரு வரி குறிப்பேட்டில் எழுதுங்கள். எடுப்பதைவிடத் தேர்வதில்தான் கண் கூர்மையாகும். தேர்ந்த படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் இன்னொரு இடத்திலும் படி எடுத்து வையுங்கள்.

எடுக்காமல் விட வேண்டிய படம்

கேமரா பழகப் பழக ஆசை பெருகும். கண்ணில் பட்டதை எல்லாம் எடுக்கத் தோன்றும். நாம் ஆசிரியர்கள். நம்மிடம் 'வேண்டாம்' என்று சொல்லக் குழந்தைகள் தயங்குவார்கள். ஆகவே அவர்கள் சொல்லாத மறுப்பையும் முகத்திலிருந்து படிக்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. தலையைத் திருப்பினாலோ கையால் மறைத்தாலோ கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். அழும் குழந்தை, தண்டனை பெற்ற குழந்தை, கிழிந்த சீருடை, உதவிப் பொருளை வாங்கும் தருணம் ஆகியவற்றை நம் பொழுதுபோக்குக்காக எடுக்க வேண்டாம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதவர்களைக் குழந்தை என வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், வழக்குகளில் தொடர்புடைய குழந்தைகளின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கின்றன. சட்டம் எட்டாத இடத்திலும் நாம் பின்பற்றக்கூடிய எளிய நெறி ஒன்றுண்டு: மாணவர் முகம் தெரியும் படம் எதையும் நம் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் போடுவதில்லை. மேலும், கைப்பேசி பல வேளைகளில் படத்தோடு எடுத்த இடத்தையும் பதிந்துவிடும். கேமரா அமைப்புகளில் இடப் பதிவை அணைத்து வையுங்கள்.

அதற்குப் பதிலாகப் படத்தை அச்சிடுங்கள். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் எடுத்த ஒரு நல்ல முகப்படத்தை அருகிலுள்ள ஸ்டுடியோவில் அச்சிட்டு அந்தக் குழந்தையிடமே கொடுங்கள். சில பிள்ளைகளிடம் தங்களுடைய படம் என்று இருப்பது சான்றிதழுக்காக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே. தன் நிறத்திலேயே, தன் சிரிப்போடு, திருத்தம் எதுவும் இல்லாமல் நன்றாக வந்திருக்கும் தன் முகத்தை அந்தப் பிள்ளை கையில் பிடித்துப் பார்க்கட்டும்.